மேல் விளிம்பில் ஒரு கோடு: ஓபன்எஃப்எக்ஸ் மாதிரி பிளகின்களை மூலநிரலிலிருந்து உருவாக்கிய ஒன்பது நாட்கள்

பின்னணி

எங்கள் நிறுவனம் சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறது. திரைப்படங்களுக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ், வண்ணத் திருத்தம் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. காட்சிகளை இணைக்கும் கம்போசிட்டிங் பிரிவு ஒரு மென்பொருளில் வேலை செய்கிறது, வண்ணப் பிரிவு வேறொன்றில். இரண்டுக்கும் கருவி எழுதித் தரும் பிரிவில் இரண்டே பேர்: நானும், கல்லூரி முடித்து ஐந்து மாதங்களுக்கு முன் சேர்ந்த ஓர் இளைஞரும்.

கம்போசிட்டிங் பிரிவின் மூத்த கலைஞர் எங்களிடம் கேட்டது சிறிய பொருள்தான். நிழல் பகுதிகளின் ஒளியளவை ஒரு வளைகோட்டின்படி உயர்த்த வேண்டும். அதன் விடை இரண்டு மென்பொருள்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதுவரை இரு பிரிவுகளும் அவரவர் மென்பொருளில் இருந்த கருவியைப் பயன்படுத்தினார்கள். சூத்திரங்கள் வேறு என்பதால், கீழ்த்தளத்தில் ஒப்புதல் பெற்ற நிழல் மேல்தளத்துக்குப் போனதும் மாறித் தெரிந்தது. இயக்குநர் முன்னால் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவருக்கு இரண்டு முறை வந்துவிட்டது.

ஒரே பிளகினை, அதாவது ஒரு மென்பொருளோடு இணைந்து ஓடும் துணை நிரலை, இரண்டு மென்பொருள்களிலும் ஓட்டுவதற்கான வழி ஓபன்எஃப்எக்ஸ். 2004-இல் தி ஃபவுண்ட்ரி நிறுவனத்தில் புரூனோ நிக்கொலெட்டி தொடங்கிவைத்த திறந்த தரம் இது. 2023 முதல் அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் வளர்கிறது. நியூக், டாவின்சி ரிசால்வ், நேட்ரான் என்று பல மென்பொருள்கள் இதை ஏற்கின்றன. இதன் இடைமுகம் முழுக்க சி மொழியில் அமைந்தது. மென்பொருள் பிளகின் கோப்பைத் திறந்து, எத்தனை பிளகின்கள் உள்ளே இருக்கின்றன என்று சொல்லும் ஒரு செயற்கூற்றையும், அவற்றை எடுத்துக் கொடுக்கும் இன்னொரு செயற்கூற்றையும் தேடும். அதன்பின் விவரி, உருவாக்கு, ரெண்டர் செய் என்று ஒவ்வொரு கட்டளையாக அனுப்பும்.

எங்கள் பிளகினை எழுதும் முன் அந்தத் தரத்தோடு வரும் மாதிரி பிளகின்களையும் ஆவணங்களையும் மூலநிரலிலிருந்து நாங்களே உருவாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். காரணம் எளிது. நாளை எங்கள் பிளகின் ஓடாமல் போனால், பிழை எங்கள் நிரலிலா, அதை இயங்கும் கோப்பாகத் தொகுக்கும் கம்பைலரிலா, கணினியிலா என்று பிரித்துப் பார்க்க, சரியாக ஓடும் என்று தெரிந்த ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு நாள் வேலை என்று போட்ட கணக்குதான் தவறு.

முதல் நாள்: மாதிரிகள்

இளைஞரின் மடிக்கணினியில் லினக்ஸ் வெளியீடான உபுண்டு 22.04 இருந்தது. மூலநிரலை எடுத்து, துணை நூலகங்களைக் கொண்டுவரும் கோனனை ஓட்டியதும் முதல் பிழை வந்தது. வேறொரு வேலைக்காக நிறுவப்பட்ட கோனனின் முதல் தலைமுறைப் பதிப்பு அந்தக் கணினியில் இருந்தது. ஓபன்எஃப்எக்ஸ் கேட்டது இரண்டாம் தலைமுறை. தனியான பைத்தான் சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் புதிய கோனனை நிறுவினோம். அதன்பின் கோனன், தொகுப்பை வழிநடத்தும் சிமேக், கம்பைலர் என்று மூன்று படிகளும் தடையில்லாமல் முடிந்தன. மதிய உணவுக்கு முன் மாதிரிகள் அனைத்தும் தயாராகிவிட்டன.

இரண்டாம் நாள்: ஆவணங்கள்

பின்னால் நடந்தவற்றின் வேர் இந்த நாளில் இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஓபன்எஃப்எக்ஸின் ஆவணங்கள் இரண்டு வகையானவை. வழிகாட்டி அத்தியாயங்களை மனிதர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். மென்பொருளும் பிளகினும் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு பண்பும் என்ன பொருள்படும் என்று சொல்லும் குறிப்புப் பக்கங்கள், இடைமுகத்தை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளில் உள்ள கருத்துரைகளிலிருந்து தாமாக உருவாகின்றன. அதற்கு மூன்று படிகள். முதலில் ஒரு பைத்தான் நிரல் ஹெடர்களில் உள்ள பண்புகளின் பெயர்களைத் திரட்டுகிறது. அடுத்து டாக்சிஜன் கருத்துரைகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாக மாற்றுகிறது. கடைசியாக ஸ்ஃபிங்க்ஸ், பிரீத் என்னும் துணைக்கருவியின் உதவியோடு அந்தக் கருத்துரைகளை உரிய பெயர்களின் கீழ் கொண்டுபோய் வைத்து வலைப்பக்கங்களை உருவாக்குகிறது.

மடிக்கணினியில் டாக்சிஜன் இல்லை. மூன்று கட்டளைகளையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் இளைஞர் கொடுத்ததால், நடுப்படி தோற்றது யார் கண்ணிலும் படவில்லை. ஸ்ஃபிங்க்ஸ் நிற்கவும் இல்லை. எக்ஸ்எம்எல் கிடைக்கவில்லை என்று நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் திரையில் ஓடிப்போயின. கடைசி வரியில், உருவாக்கம் வெற்றி என்று வந்தது. இயல்பான அமைப்பில் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கைகளைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். வழிகாட்டி அத்தியாயம் ஒன்றைப் புரட்டினேன். படங்களோடு அழகாக இருந்தது. ஆவண வேலை முடிந்தது என்று குறித்துவிட்டேன். குறிப்புப் பக்கங்களில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை.

மூன்றாம், நான்காம் நாட்கள்: காணாமல் போன பிளகின்

கலைஞர்களின் கணினிகளில் ராக்கி லினக்ஸ் 8 ஓடுகிறது. பொதுவான பிளகின் கோப்புறையில் எழுத நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால், பிளகின்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் சூழல் மாறியில் எங்கள் கோப்புறையைக் கொடுத்தோம். மாதிரிகளில் ஒன்றான, நிறத்தைத் தலைகீழாக்கும் 'இன்வெர்ட்' மென்பொருளின் பட்டியலில் உடனே வந்தது. அதன் நோடை, அதாவது காட்சியின் வேலைப்படிகளில் ஒன்றைக் குறிக்கும் கட்டத்தை, இணைத்ததும் படம் நெகட்டிவ் ஆனது. இளைஞரின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எனக்கும் தொற்றிக்கொண்டது.

அன்று மாலையே அவர் இன்வெர்ட்டின் நிரலை நகலெடுத்து, தலைகீழாக்கும் வரியை நீக்கி, அங்கே வளைகோட்டுக் கணக்கை எழுதினார். தொகுத்தார். பிழை இல்லை. கலைஞரின் கணினியில் வைத்துத் திறந்தபோது பட்டியலில் அந்தப் பிளகின் இல்லை. எந்தச் செய்தியும் இல்லை. இன்வெர்ட் மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

எங்கள் முதல் சந்தேகம் அடையாளப் பெயரின் மேல். ஒவ்வொரு பிளகினுக்கும் தனித்த அடையாளப் பெயர் வேண்டும். நகலெடுத்தபோது அவர் அதை மாற்றவில்லை. ஒரே அடையாளத்தில் இரண்டு இருந்தால் மென்பொருள் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். மாற்றினோம். வரவில்லை. அடுத்து கோப்புறை அமைப்பைப் பார்த்தோம். பிளகின் கோப்பைத் தனியாக வைத்தால் போதாது. பிளகின் பெயரில் ஒரு தொகுப்புக் கோப்புறை, அதற்குள் 'கன்டென்ட்ஸ்', அதற்குள் இயங்குதளத்தின் பெயர் கொண்ட கோப்புறை, அதற்குள் கோப்பு என்று இருக்க வேண்டும். அதுவும் சரியாகவே இருந்தது. மென்பொருள் முன்பு பார்த்த பிளகின்களை நினைவில் வைத்திருக்கும் தற்காலிகக் கோப்பை அழித்தும் பார்த்தோம். பயனில்லை.

மறுநாள் காலை மென்பொருளை ஐகானைத் தட்டித் திறக்காமல் டெர்மினலிலிருந்து திறந்தோம். விடை அங்கே ஒரே வரியில் இருந்தது: ஜிலிப்சி 2.29 கிடைக்கவில்லை.

ஜிலிப்சி என்பது லினக்ஸில் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருக்கும் சி நூலகம். உபுண்டு 22.04-இல் அதன் பதிப்பு 2.35, ராக்கி 8-இல் 2.28. பிளகின் கோப்பு வெளியிலிருந்து கேட்கும் செயற்கூறுகளைச் சொல்லும் குறியீட்டுப் பட்டியலை ஆப்ஜ்டம்ப் என்னும் கருவி கொண்டு எடுத்துப் பார்த்தோம். எல்லா வரிகளும் பழைய பதிப்புகளையே கேட்டன, ஒன்றைத் தவிர. அடுக்கு கணக்கிடும் 'பவ்' செயற்கூறு 2.29 கேட்டது. ஜிலிப்சி 2.29-இல் அந்தச் செயற்கூற்றுக்குப் புதிய பதிப்பு அடையாளம் கொடுக்கப்பட்டது. புதிய கணினியில் தொகுத்தால் புதியதோடுதான் அது பிணையும். இன்வெர்ட்டின் வேலை கழித்தல் மட்டும், அதற்குப் 'பவ்' தேவைப்படவில்லை. எங்கள் வளைகோடு 'பவ்' இல்லாமல் நடக்காது. இளைஞர் சேர்த்த அந்த ஒரு வரிதான் பிளகினைக் காணாமல் செய்தது.

முடிவு: எங்கே தொகுப்பது

மூன்று வழிகள் இருந்தன. கலைஞர்களின் கணினிகளைப் புதுப்பிப்பது முதல் வழி. நடுவில் இரண்டு படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பேசவே முடியாது. சி++ நூலகத்தைப் பிளகினுக்குள்ளேயே பிணைத்துவிடலாம் என்று இளைஞர் சொன்னார். அது சி++ நூலகம் சார்ந்த சிக்கலைத் தீர்க்கும். இங்கே சிக்கல் அதற்கும் ஒரு படி கீழே இருந்தது. ராக்கி 8-ஐ ஒரு கன்டெய்னராக, அதாவது கணினிக்குள் தனித்து இயங்கும் ஒரு சூழலாக, அமைத்து அதற்குள்ளேயே தொகுப்பது மூன்றாவது. அதைத் தேர்ந்தோம். எந்தக் கருவியின் எந்தப் பதிப்பை வைத்து மென்பொருள்களை உருவாக்கலாம் என்று இந்தத் துறைக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கும் வி.எஃப்.எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் 2023-ஆம் ஆண்டுக்குச் சொல்வதும் ஜிலிப்சி 2.28, ஜிசிசி 11 கம்பைலர் என்ற இணைதான். அதே கம்பைலர் பதிப்பை ராக்கி 8-இல் நிறுவ முடியும் என்பதால் தயங்க ஒன்றுமில்லை.

கோனனின் சேமிப்புக் கோப்புறையையும் கன்டெய்னருக்குத் தனியாகக் கொடுத்தோம். உபுண்டு 22.04-இன் இயல்பான கம்பைலரும் ஜிசிசி 11 தான். கோனன் ஒரு நூலகத்தை அடையாளம் காண்பது இயங்குதளம், கட்டமைப்பு, கம்பைலர் பதிப்பு போன்றவற்றை வைத்து. எந்த லினக்ஸ் வெளியீடு, எந்த ஜிலிப்சி என்று அது இயல்பாகக் கேட்பதில்லை. ஒரே கோப்புறையைப் பகிர்ந்திருந்தால், மடிக்கணினியில் தொகுத்த நூலகத்தையே கன்டெய்னருக்குள்ளும் எடுத்துக் கொடுத்திருக்கும்.

நான்காம் நாள் மாலை வளைகோட்டுப் பிளகின் பட்டியலில் வந்தது.

ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: கோடு

மூத்த கலைஞர் அதை உடனே எடுத்துக்கொண்டார். 2048 பிக்சல் அகலக் காட்சிகளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆறாம் நாள் காலை அவர் கூப்பிட்டு அனுப்பினார். 1998க்கு 1080 அளவுள்ள காட்சி ஒன்றில், படத்தின் மேல் விளிம்பில் ஒரு பிக்சல் உயரத்தில் கறுப்புக் கோடு. பெரிதாக்கிப் பார்த்தபோது அதற்குக் கீழ் வரிசையிலும் வலது கோடியில் ஒரு சிறு துண்டு கறுப்பாக இருந்தது. வண்ணப் பிரிவின் மென்பொருளில் அதே காட்சியில் கோடு இல்லை.

விளிம்பில் ஒரு வரி கறுப்பாவது இந்தத் தொழிலில் அன்றாடம் பார்ப்பதுதான். மென்பொருள் படத்தின் எல்லையைக் கணக்கிடும் விதத்தில் ஏதோ இருக்கிறது என்று நானே சொன்னேன். வேலை நிற்கக் கூடாது என்று கலைஞர் ஒரு கிராப் நோடைப் போட்டு அந்த விளிம்பை வெட்டிவிட்டு அடுத்தடுத்த காட்சிகளுக்கு நகர்ந்தார். அந்தக் கீழ்த் துண்டு என்னை அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். எல்லைப் பிழை முழு வரியைத் தின்னும். வரியின் வலது கோடியில் ஒரு துண்டை மட்டும் கடிக்காது.

ஏழாம் நாள் இளைஞர் தாமாகவே பழைய மாதிரிக்கும் தம்முடைய நிரலுக்கும் இடையிலான வேறுபாடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மாதிரியில், ஒரு பிக்சல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட ஒரு சிறிய செயற்கூறு உண்டு. வேகத்துக்காக அவர் அதை எடுத்துவிட்டு, வரியின் அகலத்தை வைத்து நேரடியாக நகரும்படி எழுதியிருந்தார். மூலப் படத்துக்கு மட்டும் பழைய செயற்கூற்றைத் திரும்ப வைத்து ஓட்டியபோது, மொத்தப் படமும் பாய் சாய்ந்ததுபோல் மூலைவிட்டமாகச் சரிந்தது.

நேர்க்கோடுகள் கொண்ட சோதனைப் படத்தை வைத்து எண்ணினோம். ஒவ்வொரு வரியும் இரண்டு பிக்சல் நகர்ந்திருந்தது. காகிதத்தை எடுத்தேன். ஒரு பிக்சலுக்கு நான்கு மதிப்புகள் (மூன்று நிறங்களும் ஒளிபுகாத்தன்மையும்), ஒவ்வொன்றும் 4 பைட். ஆக 16 பைட். 1998 பிக்சலுக்கு 31,968 பைட். அது 64-ஆல் மீதியின்றி வகுபடாது. அடுத்து வகுபடும் எண் 32,000. வித்தியாசம் 32 பைட், அதாவது இரண்டு பிக்சல். 2048 பிக்சலுக்கு 32,768. அது 64-ஆல் சரியாக வகுபடும். கம்போசிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் 64 பைட் எல்லைக்கு நிரப்பி வைத்தது. வண்ணப் பிரிவின் மென்பொருள் நிரப்பவில்லை.

அப்படியானால் முன்பு ஏன் சரியவில்லை? மூலத்தையும் விடையையும் ஒரே தவறான அளவில் நடந்ததால், தவறு தன்னைத் தானே ஈடுகட்டிக்கொண்டது. ஒவ்வொரு பிக்சலும் தன் இடத்திலேயே எழுதப்பட்டது. வரிக்கு 32 பைட் வீதம் 1080 வரிகளுக்கு 34,560 பைட் மட்டும் கடைசியில் தொடப்படாமல் நின்றது. ஓபன்எஃப்எக்ஸில் படம் கீழிருந்து மேலே எண்ணப்படுவதால், தொடப்படாத பகுதி மேல் வரியும் அதற்கடுத்த வரியின் கடைசி 158 பிக்சல்களும். கலைஞர் பெரிதாக்கிக் காட்டிய அந்தத் துண்டை எண்ணிப் பார்த்தோம். 158.

எட்டாம் நாள்: வெற்றுப் பக்கம்

வரிக்கு எத்தனை பைட் என்று சொல்லும் பண்பு ஒன்று ஓபன்எஃப்எக்ஸில் இருக்கிறது. "அந்தப் பண்பைப் பார்க்கவில்லையா?" என்று இளைஞரிடம் கேட்டேன்.

"பார்த்தேன், அண்ணா. அந்தப் பக்கத்தில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கீழே ஒன்றுமே இல்லை. அதனால்தான் அன்று உங்களிடம் வந்து கேட்டேன். அகலத்தைப் பதினாறால் பெருக்கினால் போதும் என்று சொன்னீர்கள்."

சொல்லியிருக்கிறேன். வேறொரு வேலையின் நடுவே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். பண்புகளின் பெயர்கள் தடித்த எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை இடம். பைத்தான் நிரல் பெயர்களைத் திரட்டிவிட்டது. நிரப்ப வேண்டிய எக்ஸ்எம்எல் உருவாகவே இல்லை. ஆவணத்தில் இதற்கு விளக்கம் கிடையாது போலும் என்று அவர் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. முடிந்தது என்று நான் குறித்த ஆவணம் அது.

கன்டெய்னருக்குள் டாக்சிஜனை நிறுவி, மூன்று படிகளையும் தனித்தனியாக ஓட்டினோம். அதே பக்கம் இப்போது நிறைந்து வந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலான பைட் தொலைவு படத்தின் அகலத்தோடு பொருந்த வேண்டியதில்லை என்றும், நினைவக ஒழுங்கு போன்ற காரணங்களால் கூடுதலாக இருக்கலாம் என்றும் அங்கே எழுதியிருந்தது. அது எதிர்ம எண்ணாகவும் வரலாம். படத்தை மேலிருந்து கீழாகச் சேமிக்கும் மென்பொருள்கள், வரிகளை மறுபடி அடுக்காமல் அப்படியே கொடுப்பதற்காக அந்த வசதி. எங்கள் பழைய நிரலை அத்தகைய மென்பொருளில் ஓட்டியிருந்தால், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதி, கலைஞரின் சேமிக்காத வேலையோடு மொத்தமும் விழுந்திருக்கும்.

மாற்றியவை

ஆவண உருவாக்கத்தில் எச்சரிக்கை ஒன்று வந்தாலும் ஸ்ஃபிங்க்ஸ் தோற்கும்படி அமைத்துவிட்டோம். முதல் ஓட்டத்தில் உண்மையிலேயே தீங்கற்ற சில எச்சரிக்கைகளும் அதை நிறுத்தின. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க அரை நாள் ஆனது. பிளகினும் ஆவணமும் இப்போது ஒரே கன்டெய்னரில், மூலநிரலின் ஒரே பதிப்பிலிருந்து உருவாகின்றன. ஆவணம் உருவாகாவிட்டால் பிளகினும் கலைஞர்களின் கோப்புறைக்குப் போகாது. இது சற்றுக் கடுமையான விதி என்று இளைஞர் கருதுகிறார். நான் தளர்த்தப்போவதில்லை.

தொகுத்து முடிந்ததும் ஒவ்வொரு பிளகினின் குறியீட்டுப் பட்டியலையும் ஒரு சிறு நிரல் படிக்கிறது, 2.28-ஐத் தாண்டிய ஜிலிப்சி பதிப்பை எதுவாவது கேட்டால் அங்கேயே நிறுத்துகிறது. சோதனைப் படங்களில் 1998 அகலத்தையும், வேண்டுமென்றே ஒற்றைப்படையான 1001 அகலத்தையும் சேர்த்தோம். வரித் தொலைவை எதிர்ம எண்ணாகக் கொடுத்துப் பார்க்க, தரத்தோடு வரும் ஹோஸ்ட் (பிளகினை ஓட்டும் மென்பொருள்) துணை நூலகத்தைக் கொண்டு இளைஞர் ஒரு சிறிய சோதனை நிரலை எழுதினார். இந்த ஒன்பது நாட்களில் உருவானவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த வேலையை மீண்டும் தொடங்கினால், இரண்டாம் நாளே குறிப்புப் பக்கங்களில் மூன்றைத் திறந்து படிப்பேன். மடிக்கணினியில் எதையும் தொகுத்திருக்க மாட்டேன். சேர்ந்து ஐந்து மாதமான ஒருவர் ஆவணத்தில் இல்லை என்று வந்து நின்றால், விடை சொல்லும் முன் எந்தப் பக்கம் என்று கேட்பேன்.

காட்சிகளில் எஞ்சியது

ஒன்பதாம் நாள், திருத்திய பிளகின் இரண்டு மென்பொருள்களிலும் ஏறியது. ஒரே ஃப்ரேமை இரண்டிலும் ரெண்டர் செய்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோம். திரை முழுக்கக் கறுப்பு.

கிராப் நோடு 14 காட்சிகளில் போயிருந்தது. அவற்றில் இரண்டு ஏற்கெனவே வண்ணப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருந்தன. "அக்கா, நானே எடுத்துவிடுகிறேன்" என்று இளைஞர் கலைஞரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 14 காட்சிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கிராப் நோடை நீக்கி, மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, மறுபடி ரெண்டருக்கு அனுப்பி முடிக்க இரவு ஒன்பதரை ஆனது.